அக்காவின் பிறைக்கத்தி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் எல்லோரும் அட்டைப்படத்தைத்தான் முதலில் பார்த்திருப்பீர்கள். அதில் அக்கா யாரையோ முறைத்துக்கொண்டிருப்பது போல இருக்கும். அதை வைத்து யாரும் அவரைத் தவறாக எண்ணிவிட வேண்டாம். படம் எடுத்தவர் முக்காலியில் நிறுத்திய கேமராவின் மேல் ஒரு கறுப்புத் துணியைப் போட்டுக்கொண்டு அதற்குள் தலையை நுழைத்தார். அந்தத் துணி எதற்கு என்று அக்கா யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் படம் எடுத்தாகிவிட்டது. அக்காவின் வாழ்க்கையில் பாதி நேரம் அவர் முகம் இப்படித்தான் இருந்தது. மீதிப் பாதி சிரிப்பில் போயிற்று.

நான் அவருக்கு நேர் இளையவள். அக்காவின் மகள்தான் என்னிடம் தாளையும் பேனாவையும் கொடுத்து, அம்மாவின் நல்ல குணங்களாகப் பார்த்து எழுதும்படி சொன்னாள். நல்ல குணங்களை மட்டும் எழுதினால் அது அக்காவாக இருக்காது, வேறு யாரோவாக இருக்கும். ஆகவே எனக்குத் தெரிந்த அக்காவை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது உறையூரில். எங்கள் வீட்டின் முன்கூடம் முழுவதும் அப்பாவின் குழித்தறி. தரையில் ஒரு குழி, குழிக்குள் இரண்டு மிதிகட்டைகள், அவற்றின் மேல் அப்பாவின் கால்கள். மேலே கை ஊடுநூல் ஓட்டும் நாடாவை வீசும், கீழே கால் மாறி மாறி மிதிக்கும். ஆயுத பூஜை அன்று தறி முழுவதும் சந்தனமும் குங்குமமும் வைத்து, அப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிடுவார். மறுநாள் காலையில் அதே தறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, குழிக்குள் இறங்கி மிதிகட்டையை மிதிப்பார். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் யோசித்ததே இல்லை. அப்பாவுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் அக்காதான் குழிக்குள் இறங்குவார். நாங்கள் சாப்பிட்ட சோற்றில் ஒரு பங்கு அக்காவின் கால் சம்பாதித்தது.

எந்தப் பொருளைப் பார்த்தாலும் அக்கா கேட்பது ஒரே கேள்விதான். "இது எதுக்கு?" பதில் கிடைக்காவிட்டால் கழற்றிப் பார்த்துவிடுவார். ஒருமுறை அப்பாவின் டிரங்குப் பெட்டிப் பூட்டைக் கழற்றினார். திரும்ப மாட்டியபோது கையில் ஒரு திருகு மிஞ்சியது. பூட்டு நன்றாகப் பூட்டியது, திறக்கத்தான் மறுத்தது. அப்பாவின் ஒரே நல்ல சட்டை உள்ளே இருந்தது. அவர் மணப்பாறையில் நடந்த கல்யாணத்துக்கு மேல்துண்டோடு போய் வந்தார். கேட்டவர்களிடமெல்லாம் வெயில் தாங்கவில்லை என்று சொன்னாராம். வீட்டுக்கு வந்ததும் அக்காவைத் திட்டவில்லை. மிஞ்சிய திருகை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கும்மா?" என்று கேட்டார். அக்கா அன்று அழுதது எனக்கு நினைவிருக்கிறது.

ஐம்பதுகளின் நடுவில் அக்காவுக்கும் எங்கள் அத்தை மகனுக்கும் கல்யாணம் நடந்தது. அத்தை வீட்டுக்காரர் தறியை விட்டுவிட்டு ஸ்ரீரங்கத்தில் பூந்தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அந்தத் தோட்டத்துப் பூவில் நல்ல பங்கு பெருமாளுக்குப் போகும். அதனால் அந்த வீட்டில் ஒழுங்கு அதிகம். செருப்போடு பாத்திக்குள் போகக் கூடாது. மண்வெட்டியையோ அரிவாளையோ தாண்டக் கூடாது. தெரியாமல் கால் பட்டுவிட்டால் உடனே குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அத்தான் அதிலேயே பிறந்து வளர்ந்தவர். பொறுமையானவர், அதிகம் பேசாதவர். மல்லிகை மொட்டைக் கிள்ளுவதுபோல வார்த்தைகளைக் கிள்ளி எடுத்துத்தான் கொடுப்பார்.

அந்த வீட்டில் அக்காவுக்கு ஒரு குறையும் இல்லை, இடம் ஒன்றைத் தவிர. அத்தை, இரண்டு ஓரகத்திகள், அவர்களுடைய குழந்தைகள் என்று சமையலறையில் நிற்க இடம் இருக்காது. அக்காவை யாரும் வேலை செய்ய விடவில்லை. புதுப்பெண் உட்காரட்டும் என்று ஆளாளுக்கு உட்கார வைத்தார்கள். மாதக்கணக்கில் உட்கார்ந்தே இருந்த அக்கா என்னிடம் சொன்னது இதுதான்: "எனக்குன்னு ஒரு அடுப்பு வேணும்டீ. கருகினாலும் நான் கருக்கினதா இருக்கணும்."

அந்த அடுப்பு கண்டோன்மென்டில் கிடைத்தது. தோல் மண்டி வைத்திருந்த ஒரு ராவுத்தர், ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரின் பங்களாவை வாங்கியிருந்தார். வாசலில் இருந்து வராந்தா வரைக்கும் பெரிய புல்வெளி, நடுவில் செம்மண் பாதை. அதைப் பார்த்துக்கொள்ள அத்தானை வேலைக்கு வைத்து, பின்கட்டில் ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும் கொடுத்தார். தாழ்வாரத்தில் அக்கா தன் கையாலேயே மண் அடுப்புப் போட்டார். அதைக் காட்டுவதற்கென்றே என்னை உறையூரிலிருந்து பஸ் ஏற்றி வரவழைத்தார். அடுப்பை நான் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும், அவர் பக்கத்தில் நின்று நான் பார்ப்பதைப் பார்ப்பார். அன்று சாம்பார் உண்மையிலேயே கருகிவிட்டது. அவ்வளவு சந்தோஷமாகக் கருகிய சாம்பாரை நான் அதன்பிறகு சாப்பிட்டதில்லை.

சிக்கல் புல்லால் வந்தது. அருகம்புல்லின் குணம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு வேலியும் தெரியாது, பாதையும் தெரியாது. முதலாளி வீட்டை வாங்கிய பிறகு கொஞ்சகாலம் ஆள் இல்லாமல் கிடந்ததில், புல் பாதைக்குள் இறங்கிப் பாதையே காணாமல் போயிருந்தது. அத்தான் அரிவாளால் அறுத்தார். மேலே அறுத்ததைக் கீழே இருந்த வேர் நான்கு நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டது. மண்வெட்டியால் வெட்டினார். புல்லோரக் கரை, எலி கடித்த அப்பளம் மாதிரி ஆயிற்று. இதற்கிடையில் முதலாளி மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாகி, பந்தலும் விருந்தும் அந்தப் புல்வெளியிலேயே என்று முடிவாகிவிட்டது.

முதலாளி கோபப்படும் மனிதர் அல்ல. ஆனால் சொன்னதைச் செய்கிறவர். அத்தானைக் கூப்பிட்டு, வருகிறவர்கள் பாதை எது, புல் எது என்று தெரியாமல் தடுக்கி விழக் கூடாது என்றார். நிக்காஹ்வுக்கு முன்னால் கரை ஒழுங்காகவில்லை என்றால் எல்லாவற்றையும் கொத்திப் போட்டுவிட்டு சிமெண்ட் தளம் போட்டுவிடலாம் என்றும் சொன்னார். சிமெண்டுக்குத் தோட்டக்காரர் தேவையில்லை. தோட்டக்காரர் இல்லாவிட்டால் பின்கட்டு அறையும் இல்லை. அத்தான் வந்து இதைச் சொன்னபோது அக்கா அடுப்பைத்தான் திரும்பிப் பார்த்தார்.

அத்தான் சாமான் கொட்டகையைக் குடைந்ததில் அகப்பட்டதுதான் அந்த இரும்பு. சரிபாதியாக வெட்டிய தோசைக்கல் போல ஒரு தகடு. வளைந்த பக்கம் கீழே, அது கூராக இருந்தது. நேர்ப்பக்கம் மேலே. அந்த மேல்விளிம்பின் நடுவில் காம்பு நுழைக்க ஒரு குழல், குழலில் ஆணிக்கு ஒரு துளை. குழலுக்கு இரண்டு பக்கமும் விளிம்பு சுண்டுவிரல் அகலத்துக்கு மடங்கியிருந்தது. காம்பைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. அது என்ன என்று அந்த வளாகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. வெள்ளைக்காரர்கள் கல்யாணக் கேக் வெட்டுகிற கத்தி என்று முதலாளி வீட்டுச் சமையல்காரர் சத்தியம் செய்தார். அந்த வாரம் அங்கே வந்து தங்கியிருந்த நான் பலாப்பழம் வெட்டுவது என்றேன். அத்தான் நன்றாக யோசித்து, இது உடைந்துபோன மண்வெட்டி என்ற முடிவுக்கு வந்தார். கழுத்து நிமிர்ந்துவிட்டது, மேல்விளிம்பு எதிலோ மோதி மடங்கிவிட்டது, பட்டறையில் கொடுத்துச் சரிசெய்தால் மண்வெட்டியை விட ஆழமாக வெட்டும் என்றார். மண்வெட்டி என்றால் ஓங்கி வெட்டுவது என்றுதானே நமக்குத் தெரியும்? அத்தான் சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது.

அரியமங்கலம் பக்கம் ஒரு கொல்லர் பட்டறை. அத்தானோடு அக்காவும் கிளம்பினார், அக்காவோடு நானும் தொற்றிக்கொண்டேன். கொல்லர் தகட்டைப் பழுக்கக் காய்ச்சி, மடங்கியிருந்த விளிம்பில் ஒரு பக்கத்தை அடித்து நிமிர்த்திவிட்டார். மறுபக்கத்துக்குச் சுத்தியலை ஓங்கியபோது அக்கா, "அண்ணே, கொஞ்சம் நில்லுங்க" என்றார்.

கொல்லர் சுத்தியலைத் தாழ்த்தவில்லை. காய்ந்த இரும்பு காத்திருக்காது என்றார்.

"எதுலயாவது மோதிக் கெட்டுப் போயிருந்தா ஒரு பக்கம் கெடும். ரெண்டு பக்கமும் ஒரே அளவுல, ஒரே மாதிரியா கெடும்?"

கொல்லர் அத்தானைப் பார்த்தார். அத்தான் தகட்டைப் பார்த்தார். கொல்லர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் குறட்டால் தகட்டைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அந்தம்மா சொல்வது சரிதான், இது வேண்டுமென்றே மடித்தது, நல்ல கைவேலை என்றார். அடித்துவிட்டதை மறுபடி மடக்கிப் பார்க்கட்டுமா என்று அவரே கேட்டு, அவரே வேண்டாம் என்றும் சொன்னார். மடக்கினால் விண்டுவிடுமாம். எதற்காக மடித்திருக்கிறார்கள் என்று கேட்டதற்கு மட்டும் அவரிடமும் பதில் இல்லை. குழலைப் பார்த்தால் நேர்க்காம்பு போடுகிற வேலைதான், கழுத்தை வளைத்தால் கெட்டுவிடும் என்று சொல்லி வேலங்கழியில் ஒரு காம்பைச் செருகி ஆணி அடித்தார். காம்பு எவ்வளவு உயரம் என்று கேட்டபோது அக்கா எழுந்து நின்று, நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். உச்சியில் உள்ளங்கை அழுந்துவதற்கு ஒரு குறுக்குக் கட்டையும் போட்டுத் தரச் சொன்னார். எப்படித் தெரிந்தது என்று பிற்பாடு கேட்டேன். நிமிர்ந்த காம்பை ஓங்க முடியாது, அழுத்தத்தான் முடியும், அழுத்துவதற்கு இரண்டு கை வேண்டும் என்றார். சொன்ன பிறகு எல்லாம் சுலபம்தான்.

ஆனால் அழுத்திப் பார்த்தபோது தகடு மண்ணில் இறங்கவில்லை. அக்கா அழுத்தினார், அத்தான் அழுத்தினார், சமையல்காரரும் வந்து அழுத்திவிட்டுக் கேக் கத்திதான் என்று மறுபடி சொல்லிவிட்டுப் போனார். நிக்காஹ் நெருங்கிக்கொண்டிருந்தது. பந்தல்காரர்கள் மூங்கில் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். அத்தான் ஸ்ரீரங்கத்துக்குத் திரும்புவதைப் பற்றி மெதுவாகப் பேச ஆரம்பித்தார். அங்கே என்ன குறை என்றார். அக்கா தாழ்வாரத்துச் சுவரில் சாய்த்திருந்த அந்த இரும்பின் எதிரில் உட்கார்ந்து அட்டைப்படத்தில் இருக்கும் அதே முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்து போய், மடங்கிய விளிம்பின் மேல் விரல்களை வைத்து அளந்தார். குனிந்து தன் காலைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். எனக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது.

"மிதிகட்டைடீ. இது மிதிகட்டை. நாம கையாலேயே தள்ளிக்கிட்டு இருக்கோம்."

அத்தானிடம் சொன்னபோது அவருடைய முகம் மாறிவிட்டது. நான் அறிந்த வரையில் அத்தான் அக்காவிடம் குரல் உயர்த்தியது அன்று ஒருநாள்தான்.

"ஆயுதத்துல காலை வைக்கிறதா? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். வீடு போனாலும் போகட்டும்."

இதை எழுதும்போது இளைய தலைமுறையினர் சிரிக்கக்கூடும். சிரிக்க வேண்டாம். அத்தானுக்கு அது விளையாட்டு அல்ல. அவர் கையால் பறித்த பூ பெருமாள் மேல் ஏறியிருக்கிறது. அக்காவுக்கும் அது தெரியும். அதனால் அவர் கோபப்படவில்லை. கொஞ்சநேரம் கழித்து, அவர் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகத்தான் கேட்டார்.

"எங்க வீட்டுத் தறிக்கு அப்பா பொட்டு வெச்சுக் கும்பிடுவாரு. மறுநாளே மிதிகட்டையில காலை வெப்பாரு. நானும் வெச்சிருக்கேன். தறி கோவிச்சுக்கிட்டா எங்களுக்குச் சோறு போட்டுச்சு?"

"அது தறி. இது கத்தி."

"கால் வைக்க வேணாம்னா ஏன் மடிச்சாங்க? கூராவே விட்டிருப்பாங்களே. கால் வலிக்கக் கூடாதுன்னு யாரோ பார்த்துப் பார்த்து மடிச்சிருக்காங்க. அந்த இடத்துல காலை வைக்காம இருக்கிறதுதாங்க அதுக்கு மரியாதை இல்ல."

அத்தான் எழுந்து போய் அந்த மடிப்பை உற்றுப் பார்த்தார். கடைசியில், "நீ வை. நான் திரும்பி நின்னுக்கறேன்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் புல்கரைக்குத் தண்ணீர் விட்டு மண்ணைப் பதமாக்கினோம். பாதையின் இரு முனைகளிலும் முளை அடித்து, உறையூரிலிருந்து நான் கொண்டுவந்த தறிப் பாவு நூலை முறுக்கி இழுத்துக் கட்டினார் அக்கா. அத்தான் சொன்னபடியே வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அக்கா குனிந்து இரும்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நிமிர்ந்து, குறுக்குக் கட்டையைப் பிடித்து, மிஞ்சியிருந்த அந்த ஒரு பக்க விளிம்பில் காலை வைத்து மிதித்தார்.

முற்றிய வெள்ளரிக்காயை நறுக்கும்போது ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம். தகடு முழுசாக உள்ளே இறங்கிவிட்டது. அக்கா காம்பை இடமும் வலமுமாக அசைத்தார். வட்டமான விளிம்பு மண்ணுக்குள்ளேயே புரண்டு பக்கத்து மண்ணையும் வெட்டியது. தகடு ஏன் பிறை மாதிரி இருக்கிறது என்பதும் எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. தூக்கித் தூக்கிக் குத்த வேண்டியதில்லை, புரட்டினால் போதும். வேரோடு ஒரு நீளத் துண்டு பாதைப் பக்கம் சாய்ந்தது. அதன் பின்னால் நூல் பிடித்தாற்போலக் கரை.

சத்தம் கேட்டு அத்தான் திரும்பிவிட்டார். திரும்பி நிற்பதாகச் சொன்னதே அவருக்கு மறந்துவிட்டது. உட்கார்ந்து கரையை விரலால் தடவிப் பார்த்தார். மாடியிலிருந்து முதலாளியம்மா பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ்" என்று சொன்னது கீழே வரைக்கும் கேட்டது. கொஞ்சதூரம் போன பிறகு அத்தான் அக்காவின் கையிலிருந்து காம்பை வாங்கிக்கொண்டார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். மிதித்தார். உடனே குனிந்து மறுபடி ஒற்றிக்கொண்டார். இப்படி ஒவ்வொரு மிதிக்கும் ஒரு கும்பிடு போட்டால் பேரன் கல்யாணத்துக்குத்தான் பாதை தயாராகும் என்று அக்கா சொன்னார். பிறகு வரிசையின் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என்று இரண்டு பேரும் சமாதானத்துக்கு வந்தார்கள்.

போன விளிம்பைப் பற்றி நான் வருத்தப்பட்டபோது அக்கா சிரித்தார். "ஒரே நேரத்துல ரெண்டு காலையுமா வைக்கப் போறேன்? ஒண்ணு போதும்."

நிக்காஹ் நன்றாக நடந்தது. முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையோரமாகவே வாசல் வரை நடந்து பார்த்தார் என்று சொல்வார்கள். சிமெண்ட் பேச்சு அதோடு நின்றது. விருந்துச் சாப்பாடு பின்கட்டுக்கும் வந்தது. ஆனால் அக்கா அன்று தன் அடுப்பை அணைக்கவில்லை. ஒரு குவளைப் பாலாவது காய்ச்சியே தீருவேன் என்று காய்ச்சி எங்கள் எல்லோருக்கும் கொடுத்தார்.

அக்காவின் பிள்ளைகள் மூவரும் அந்தப் பின்கட்டில்தான் பிறந்தார்கள். ஒன்று தங்கவில்லை. அதைப் பற்றி அக்கா பேசமாட்டார், நானும் இங்கே எழுதப்போவதில்லை. அறுபதுகளில் அத்தானுக்கு முதுகு வலி வந்து குனிய முடியாமல் போனபோது அக்கா தோட்டத்தை முழுக்க எடுத்துக்கொண்டார். பொம்பளைத் தோட்டக்காரியா என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் உண்டு. அவர்களில் சிலர் தங்கள் பங்களாவுக்கும் வந்து கரை வெட்டித் தரும்படி கேட்டுவிட்டுப் போனார்கள். எங்கே போனாலும் பிறைக்கத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தே போவார். பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். கண்டக்டர் ஒருவர் இது எதுக்கு என்று கேட்டுத் தொலைத்ததில், அக்கா விளக்கி முடிக்கும் வரை பஸ் நின்றதாக அத்தான் சொல்வார். அத்தான் சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம்.

அக்காவுக்குக் கோபம் வரும். வந்தால் முழுசாக வரும், போனால் தடம் தெரியாமல் போகும். யார் வீட்டுக்குப் போனாலும் அவர்கள் கேட்காமலே தையல் மிஷினையோ ஸ்டவ்வையோ கழற்றிவிடுவார். அதற்காக இங்கே குறைந்தது பாதிப் பேரிடமாவது நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். மீதிப் பேருடைய ஸ்டவ் அக்கா தொட்ட பிறகு நன்றாகவே எரிந்தது.

பின்னாளில் ஸ்ரீரங்கத்தில் சொந்த வீடு கட்டியபோது, வாசலில் பாய் விரிக்கும் அளவுக்குப் புல் போட்டு அதற்கும் கரை வெட்டினார். அத்தான் மறைந்த பிறகும் அது நிற்கவில்லை. கடைசி நாட்களில் கால் தளர்ந்தபோது பிள்ளைகள் கைத்தடி வாங்கிக் கொடுத்தார்கள். அதை மூலையில் வைத்துவிட்டுப் பிறைக்கத்தியின் குறுக்குக் கட்டையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார். போன வருஷம் ஒரு காலைப்பொழுதில், காபி குடித்து முடித்துவிட்டுத் தன் அடுப்பங்கரையிலேயே கண்ணை மூடினார். அவரைத் தேடி வந்த சாவுக்கும் அந்த இடம்தான் தெரிந்திருக்கிறது.

அன்று தோள் கொடுத்தவர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் வேளை தவறாமல் சோறு அனுப்பிய தெருவினருக்கும், மாலை கட்டித் தந்த ஸ்ரீரங்கத்துப் பூக்காரர்களுக்கும், இடையில் ஒருமுறை காய்ச்சலில் படுத்திருந்தபோது வந்து பார்த்துவிட்டு அக்காவிடம் தன் ஸ்டெதஸ்கோப்பைக் கொடுத்துக் கேட்க வைத்த டாக்டருக்கும், அந்தப் புல்வெளியில் நிக்காஹ் நடந்த அம்மா இந்த வயதிலும் பிள்ளைகளோடு வந்து எங்களுடன் அழுததற்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என் கையெழுத்தைப் படித்து அச்சுக் கோத்தவருக்குத் தனியாக ஒரு நன்றி.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஆயுத பூஜைக்குப் பிறைக்கத்தியின் தகட்டிலும் குழலிலும் காம்பிலும் அக்கா பொட்டு வைப்பார். மிதிக்கிற விளிம்பில் மட்டும் வைக்கமாட்டார். அவர் கால் பட்டுப் பட்டு அந்த இடம் நடுவில் குழிந்து வெள்ளியாக மின்னும். ஏன் அங்கே மட்டும் இல்லை என்று கேட்டால், சந்தனம் வழுக்கும், நாளைக்குக் கால் வைக்க வேண்டாமா என்பார்.

இந்த வருஷத் திதிக்காக நேற்று அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் பிறைக்கத்தியைக் கழுவிச் சாய்த்து வைத்தோம். நான்தான் பொட்டு வைத்தேன். கடைசியாக அந்தக் குழியில் விரல் வைத்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. இனி யார் மிதிக்கப் போகிறார்கள் என்று நினைத்து, அங்கேயும் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்துவிட்டேன்.

அக்காவின் மகள் சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள். குனிந்து முந்தானையால் அந்த இடத்தை மட்டும் துடைத்தாள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அங்க வேணாம் சித்தி. திதி முடிஞ்சதும் வாசல் புல்லை வெட்டணும்."